கரைக்கூட்டம் உன் கல்யாணத்தில் பாடுவது பற்றி

ஐயா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். உன் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்த மூஞ்சியோட எழுதுனா எழுத்தெல்லாம் கடிக்கும். கொஞ்சம் ஆறட்டும்" என்று பேனாவை வாங்கி அடுக்களை மாடத்தில் வைத்துவிட்டாள். நடவு முடிந்து, களை எடுக்க ஆள் தேடி அலைந்து, நேற்றுத்தான் மழை விட்டு வானம் வெறித்தது. கோபம் ஆறிவிட்டது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே ஆறிவிட்டது. அதனால் நிதானமாக எழுதுகிறேன். நீயும் போலீஸ் ஸ்டேஷனில் வைத்து அவசரமாகப் படிக்காமல் உன் அறைக்குப் போய் உட்கார்ந்து படி. உனக்கு வரப்போகிறவளும் என்றைக்காவது இதைப் படிப்பாள். அவள் வாசுதேவநல்லூர்க்காரி, நம் இலத்தூர் விஷயம் ஒன்றும் தெரிந்திருக்காது. அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததைத் திரும்பச் சொன்னால் பொறுத்துக்கொள்.

நீ கேட்டதில் முக்கால்வாசி முடிந்தாயிற்று. தென்காசியில் நாதசுரம் பேசியாயிற்று. பாட்டுப் பெட்டியும் குழாயும் வாடகைக்கு விடுகிறவனையும் பார்த்தேன். பெட்டியோடு தட்டு மாற்றிப் போட ஆளும் அனுப்புகிறேன் என்றான். உன் இன்ஸ்பெக்டர் தங்குவதற்கு எதிர்வீட்டு மாடியை வெள்ளையடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மிச்சம் ஒன்றே ஒன்று. "கரைக்கூட்டத்துப் பாட்டு மட்டும் வேண்டாம் அப்பா, வருகிறவர்கள் சிரிப்பார்கள்" என்று எல்லாம் எழுதி முடித்துக் கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். கடைசிக்குத் தள்ளினாய் என்பதிலேயே உனக்கும் அது உறுத்தியிருக்கிறது என்று தெரிகிறது. உன் அம்மா உன் கட்சி. "அவன் சொல்லுததுல என்ன தப்பு? நீங்க பாடுனா கட்டுன மாடு அத்துக்கிட்டு ஓடுது" என்கிறாள். நான் வாதாடவில்லை. எங்கள் பாட்டு காதுக்கு இனிமையான பாட்டு என்று நானும் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் இந்த ஊரில் எத்தனையோ வீட்டுக் கல்யாணத்தில் தெருவில் நின்று பாடியிருக்கிறேன். என் ஒரே பிள்ளையின் கல்யாணத்தில் அவர்கள் என் வாசலில் நின்று பாட வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசையை மறைத்துக்கொண்டு, பெரிய மனுஷன் மாதிரி "உன் இஷ்டம்" என்று எழுதிவிட எனக்கு வரவில்லை.

கரைக்கூட்டம் என்றால் உனக்குத் தெரிந்தது மார்கழி மாதம் விடியலில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பெருங்குரலெடுத்துத் தெருவில் போகிற ஆம்பிளைகள். சாமி பெயரெல்லாம் அந்தப் பாட்டில் பிற்பாடு ஏறியது. அதற்கு முன்னால் அது குளத்துப் பாட்டு. ஐப்பசி கார்த்திகையில் மலையில் மழை பிடித்துக்கொண்டால் நம் பெரிய குளம் ஒரு நாளில் ததும்பிவிடும். கரை எங்கே கசிகிறது, எங்கே மண் இளகுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குளத்துத் தண்ணீரில் பயிர் செய்கிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆம்பிளை வந்து, மடையிலிருந்து, மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கு வரைக்கும் கூப்பிடு தூரத்துக்கு ஓர் ஆளாகக் கரைமேல் நிற்க வேண்டும். மழை அடித்து ஊற்றுகிறபோது பட்டப்பகலிலும் பக்கத்து ஆள் கண்ணுக்குத் தெரியமாட்டான். அவன் நிற்கிறானா, வழுக்கி விழுந்துவிட்டானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு வந்ததுதான் பாட்டு. மடையில் நிற்கிறவன், "நான் இங்கன நிக்கேன், நீ அங்கன நிக்கியா" என்று இழுப்பான். அடுத்தவன் அதைப் பிடித்துக்கொள்வான். அவன் பிடித்துக்கொண்டது காதில் விழுகிற வரைக்கும் முதல் ஆள் இழுப்பை விடக்கூடாது, மூச்சு முட்டினாலும் விடக்கூடாது. இப்படியே கலுங்கு வரைக்கும் போய் அங்கேயிருந்து திரும்பி வரும். எங்கேயாவது பாட்டு நின்றால் அந்த இடத்துக்கு எல்லாரும் ஓட வேண்டும். வழக்கம் இவ்வளவுதான். இதில் சங்கீதம் எதுவும் கிடையாது.

கல்யாணத்திலும் அதையேதான் செய்கிறோம். பெண்ணும் மாப்பிள்ளையும் பந்தலை விட்டுக் கோயிலுக்கு நடக்கும்போது, தெரு முழுக்க முக்குக்கு ஓர் ஆளாக நிற்போம். அவர்கள் ஒருவனைத் தாண்டுகிற வரைக்கும் அவன் இழுப்பான், பிறகு அடுத்தவன் பிடித்துக்கொள்வான். வீட்டு வாசலிலிருந்து கோயில் நடைவரைக்கும் பாட்டு அறுபடாமல் அவர்கள்கூடவே போகும். சாவுக்கும் உண்டு. செத்தவன் கரையில் எந்த இடத்தில் நின்றானோ, அந்த முறை வரும்போது யாரும் பிடிக்கமாட்டோம். ஒரு மூச்சு நேரம் சும்மா விட்டுவிட்டு, அதற்கு அடுத்தவன் எடுப்பான். இத்தனைக்கும் கரையில் நிற்கும்போது பார்க்காத தெருவையும் சாதியையும், கரையை விட்டு இறங்கிச் சாப்பிட உட்காரும்போது பார்க்கிற ஆட்கள்தான் நாங்கள். கூட்டத்தைத் தெய்வமாக்கிக் காட்டுவதற்கு நான் இதை எழுதவில்லை.

உனக்கு எங்கே வெட்கம் பிடித்தது என்று எனக்குத் தெரியும். குற்றாலத்தில்தான். நீ அப்போது ரொம்பச் சின்னப் பிள்ளை, என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாய். சாரல் காலத்துக்கு வந்து பங்களா பிடித்துத் தங்கியிருந்த ஒரு பெரிய பணக்காரர், எங்கள் பாட்டைப் பற்றி யாரோ சொல்லிக் கேட்டு, விருந்தாளிகளுக்கு முன்னால் பாட எங்களை வரவழைத்தார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. சலவை வேட்டி கட்டிக்கொண்டு ரெண்டு வண்டியில் போய் இறங்கினோம். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து எங்களைத் தோளோடு தோள் இடிக்க உட்கார வைத்தார்கள். அங்கேதான் வந்தது வினை. கரையில் நாங்கள் கேட்பது பக்கத்து ஆள் குரலை மட்டும். இங்கே எல்லார் குரலும் எல்லார் காதிலும் விழுந்தது. ஒருவன் இழுப்பு தளர்ந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பிடித்தோம். "சரி, இன்னொருத்தன் பிடிச்சுட்டான்" என்று அத்தனை பேரும் ஒரே நேரத்தில் விட்டோம். கூடம் நிசப்தமாகிவிட்டது. மறுபடியும் எல்லாரும் சேர்ந்து ஒரு கூச்சல், மறுபடியும் நிசப்தம். விருந்தாளிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பொத்தாமலே சிரித்தார்கள்.

நம்ம பெரிய குரல் மாடசாமி அண்ணாச்சி, உனக்குப் பெரியப்பா முறை, அவர் அசரவில்லை. எழுந்து, "எசமான், கிட்ட இருந்தா எங்களுக்கு வராது. கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்னுக்கிடுதோம்" என்றார். அவர் கூடத்தில், நான் படியில், அடுத்தவன் வாசல் தோட்டத்தில், அடுத்தவன் கேட்டுக்கு வெளியே என்று பிரிந்து போனோம். பிரிந்து போனவர்கள் கரைத் தூரத்துக்கே போய்விட்டார்கள். கடைசி ஆள் உன் சுடலை சித்தப்பா ஐந்தருவி ரோட்டில் போய் நின்றான். கூடத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டதெல்லாம் அண்ணாச்சியின் ஒரு வரி. பிறகு எங்கேயோ தூரத்தில் ஏதோ சத்தம். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. ஒரு அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். நீ தூணுக்குப் பின்னால் போய் முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டாய். அதை நான் பார்த்தேன். அதன்பிறகு நீ மார்கழியில் எங்கள்கூட வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

அதோடு முடியவில்லை, நினைவிருக்கிறதா? எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். இலை போட்டு உட்கார்ந்த பிறகுதான் சுடலை இல்லை என்று கவனித்தோம். நானும் நீயும் தேடிப் போனோம். சாரலில் தொப்பலாக நனைந்துகொண்டு ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தான். "என்னலே, எல்லாரும் சாப்பிட உக்காந்தாச்சு, நீ இங்கன என்ன செய்யுத?" என்றேன். "பாட்டு இன்னும் எங்கிட்ட வரலையே அண்ணே. எந்த எடத்துல நின்னுச்சுன்னு பாக்கலாம்னுதான் கெளம்புதேன்" என்றான். சிரிப்பு நிற்கவில்லை. திரும்புகிற வண்டியில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இன்றைக்கும் சுடலையைக் கிண்டல் செய்ய வேண்டுமானால் "பாட்டு வந்துதாலே?" என்றுதான் கேட்கிறோம். நீயும் உன் கூட்டாளிகளும் அப்படிக் கேட்டு அவனை விரட்டினது எனக்குத் தெரியும்.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லுகிறேன். நீ தென்காசியில் அத்தை வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த வருஷம். அந்தக் கார்த்திகையில் மூன்றாவது மடைக்குப் பக்கத்தில் எனக்குக் காவல். என் ஒரு பக்கம் மாடசாமி அண்ணாச்சி, இன்னொரு பக்கம் சுடலை. மத்தியானம்தான், ஆனால் கண்ணைத் திறக்க முடியாத மழை. அண்ணாச்சியின் இழுப்பை நான் பிடித்தேன். பிடித்த மாத்திரத்தில் காலுக்குக் கீழே மண் உட்கார்ந்துவிட்டது. இடுப்பு வரைக்கும் சேற்றில் இறங்கினேன். பிறகு நெஞ்சு வரைக்கும். தண்ணீர் உள்ளே ஒரு பொந்து பிடித்திருந்தது, அது என்னைக் கீழே இழுத்தது. நெஞ்சில் மண் இறுக்கினதில் மூச்சு வரவில்லை, கத்தவும் முடியவில்லை. அண்ணாச்சிக்கு என்மேல் சந்தேகம் வரவில்லை. நான் பிடித்துவிட்டதைக் காதால் கேட்டவர், பாட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. அடுத்தபடி பாட்டு சுடலையிடம் போயிருக்க வேண்டும், போகவில்லை. வேறு யாராக இருந்தாலும் காற்றுச் சத்தத்தில் காதில் விழவில்லை போல என்று எண்ணித் தானாக ஒரு வரியை ஆரம்பித்திருப்பான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். சுடலை செய்யமாட்டான். தன்னிடம் வராத பாட்டை அவனுக்குப் பாடத் தெரியாது. எந்த இடத்தில் நின்றது என்று பார்க்க நடந்து வந்தான். சேற்றுக்கு மேலே என் கையும் தலையும் தெரிந்திருக்கின்றன.

அவன் மட்டும் இழுத்து என்னை எடுத்திருக்க முடியாது. குப்புறப் படுத்து என் அக்குளில் கையைக் கொடுத்துக்கொண்டு அவன் பாட்டுக்கு வாயை மூடிக்கொண்டு கிடந்தான். அவனிடமிருந்தும் பாட்டு போகாததால் அதற்கு அடுத்தவன் வந்தான், அவனுக்கு அடுத்தவன் வந்தான். இப்படியே கரை முழுக்கச் சத்தம் அடங்கி ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு, தென்னமட்டையும் வைக்கோலும் மண்ணும் திணித்துப் பொந்தை அடைத்தார்கள். அது உடைந்திருந்தால் கீழே இருந்த பயிர் ஒன்றும் மிஞ்சியிருக்காது. எனக்கு விலா எலும்பு விரிசல் விட்டுப் படுக்கையில் கிடந்ததை, "வண்டியிலிருந்து விழுந்துட்டாரு" என்று உனக்குச் சொல்லி அனுப்பினோம். நிஜத்தைச் சொன்னால் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவாய் என்று உன் அம்மாவுக்குப் பயம். நீ அப்போது அப்படிப்பட்ட பிள்ளைதான். அம்மா சொன்னதுதான் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இதை இப்போது எழுதுவது உன்னைக் கடன்பட்டவனாக்குவதற்காக இல்லை. நீ பார்த்துச் சிரித்த ஆளையும் என்னைக் கண்டுபிடித்த ஆளையும் ஒன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம், எல்லாரும் சொல்லுகிறார்கள். எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. மனைவி சொல்லுவதைக் காது கொடுத்துக் கேள் என்று உன் மாமன்மார்கள் சொல்லுவார்கள். அது நல்லதுதான், கேள். நான் சொல்லுவது, அவள் பேச்சு எப்போது நிற்கிறது என்று பார். உன் அம்மா அரிசி புடைக்கும்போது வாய்க்குள் எதையாவது முனகிக்கொண்டே இருப்பாள்; பாதி நேரம் என்னைத் திட்டுகிறதுதான். அந்தச் சத்தம் நின்றால் நான் கையிலிருக்கிற வேலையை வைத்துவிட்டு அடுக்களையில் எட்டிப் பார்ப்பேன். "என்ன?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பேன். சில நாள் நிஜமாகவே ஒன்றும் இருக்காது. சில நாள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருப்பாள். உனக்குப் பிறகு பிறந்து தங்காமல் போன குழந்தையை நினைத்து இத்தனை வருஷம் கழித்தும் அழுவாள். நான் பக்கத்தில் உட்காருவேன், அவ்வளவுதான். உனக்கு வரப்போகிறவள் தெரியாத ஊரில், போலீஸ் லைன் வீட்டில், பேச ஆளில்லாமல் இருக்கப்போகிறாள். நீ டூட்டி முடிந்து அலுத்துத்தான் வருவாய். அலுப்பிலும் அந்த ஒரு காதைத் திறந்து வை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேற்றுச் சாயங்காலம் கலுங்குக்குப் போனேன். தண்ணீர் வழிகிறதைப் பார்த்துக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். போன வருஷம் சேர்ந்த இளவட்டங்களும் இருந்தார்கள். கூட்டம் அருகிப்போகும் என்று யாரும் கவலைப்படத் தேவையில்லை, இப்போதெல்லாம் கரையில் நிற்க இடத்துக்குத்தான் சண்டை. "பையன் கல்யாணத்துக்குப் பாட்டு வேண்டாம்னு எழுதியிருக்கான்" என்றேன். சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்தேன். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. பிறகு சுடலைதான், "சாப்பாடு உண்டுல்லா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்ததில் பாதிப் பாரம் இறங்கியது, மீதிப் பாதி அங்கேயே இருந்தது.

மாடசாமி அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. "கல்யாணம் ஒனக்கா அவனுக்காலே?" என்று கேட்டார்.

"அவனுக்குத்தான்."

"அப்பம் அவன் வந்து சொல்லட்டும். வேண்டாம்னா பாடல, அதுல ஒரு வருத்தமும் இல்ல. ஆனா அவன் முறையை நீ எதுக்குப் பிடிக்க?"

அவர் சொன்னதுதான் வழக்கம். எங்களைக் கல்யாணத்துக்கு அழைக்கிறது தகப்பன் வேலை இல்லை, மாப்பிள்ளை வேலை. வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "இன்ன முக்குல நில்லுங்க" என்று ஒவ்வொரு ஆளிடமும் தன் வாயால் சொல்லுவான். நானும் என் கல்யாணத்துக்கு முன்னால் அப்படித்தான் போனேன். வேண்டாம் என்பதையும் அதே மாதிரி நீதான் சொல்ல வேண்டும். இதில் நான் உனக்காகப் பேசமாட்டேன். நேற்றுப் பேசியதே தப்பு என்று அண்ணாச்சி என்னை வழிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஆகவே கல்யாணத்துக்கு நாலு நாள் முந்தியே லீவு போட்டு வா. வெற்றிலை நான் வாங்கி வைக்கிறேன். தனியாகப் போ, உன்கூட நான் வரமாட்டேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "பாட வேண்டாம், சாப்பிட வாங்க" என்று சொல்லு. ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். முகம் சுளிக்கமாட்டார்கள். "சரி தம்பி, நல்லாயிரு" என்று சொல்லி, உள்ளே கூப்பிட்டு மோர் கொடுப்பார்கள். குடிக்காமல் வராதே. எல்லா வீட்டுக்கும் போய் முடித்த பிறகு கடைசியாக நம் வீட்டுக்கு வா. நானும் கரைக்கூட்டத்து ஆள்தான், எனக்கும் ஒரு வெற்றிலை உண்டு. நான் வாசலில் நின்றுகொண்டிருப்பேன். அவர்களிடம் சொன்னதை அப்படியே என் முகத்தைப் பார்த்து என்னிடமும் சொல்லு. "சரி தம்பி, நல்லாயிரு" என்று நானும் சொல்லிவிடுவேன்.

உன் அப்பா